பெர்மாவின் ஆறாம் எண்

நான் மாணவனாயிருந்த காலத்துக் கணித வினாத்தாளொன்றில், ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து தொடங்கி முறையே கூட்டிவரின் பெறப்படும் தொகை எப்பொழுதும் ஒரு வர்க்க எண்ணேயாகும் என நிறுவுமாறு கேட்கப்பட்டிருந்தது. 1; 1+3=4; 1+3+5=9; 1+3+5+7=16; 1+3+5+7+9=25 என ஐந்து வரிகளை எழுதி, "எனவே இஃது எக்காலத்தும் உண்மையாகும்" என்று ஆறாவது வரியில் முடித்துவிட்டு மனநிறைவோடு மண்டபத்தை விட்டு வெளியேறினேன். விடைத்தாள் திரும்பி வந்தபொழுது அவ்வினாவுக்குப் புள்ளி எதுவும் இடப்பட்டிருக்கவில்லை. ஓரத்திற் சிவப்பு மையினால் 4294967297 என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது.

ஆசிரியரிடம் சென்று விளக்கங் கேட்டேன். "அது முதன்மை எண்ணோ அன்றோ என்று பார்த்துக்கொண்டு வா, தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மலர்க் குழுவினர் கணிதம் பற்றி யாவரும் வாசிக்கத்தக்க கட்டுரையொன்று வேண்டும் என்று கேட்டபொழுது, பல்லாண்டு கழிந்த பின்னரும் அச்சிவப்பு இலக்கங்களே முதலில் நினைவுக்கு வந்தன. கூட்டல், பெருக்கல், வகுத்தல் என்பவற்றை மறவாத பழைய மாணவர் எவரும் தாளும் பென்சிலுங் கொண்டு என்னுடன் வரலாம். மாணவர்கள் கணிகருவியை நாட விரும்பின் ஓர் எச்சரிக்கை: எட்டு இலக்கங்களையே காட்டும் சிறு கருவிகளுள் இவ்வெண் அடங்காது. இது பத்து இலக்கங்களையுடையது. நம் வழக்கிற் சொல்வதாயின், நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 என்பன போல்வன. அவ்வாறு வகுபடுவது சேர்த்தி எண். ஒன்று இவ்விரு வகையிலும் சேராது. சிறிய எண்ணாயின் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்டவுடனே சொல்லிவிடலாம். நமது எண்ணோ கண்ணுக்கு எதையும் காட்டிக் கொடாது. 7 இல் முடிதலால் அது 2 ஆலோ 5 ஆலோ வகுபடாது. அதன் இலக்கங்களின் தொகை 59. ஆகவே 3 ஆலும் வகுபடாது. 7, 11, 13 என்பனவும் மீதியை விட்டே செல்லும். ஓர் எண் சேர்த்தியாயின் அதன் வர்க்கமூலத்துக்கு மேற்படாத முதன்மைக் காரணியொன்றேனும் இருந்தே தீரும். நமது எண்ணின் வர்க்கமூலம் 65536 ஐச் சற்றே விஞ்சியது. அவ்வெல்லைக்குள் அமைந்த முதன்மை எண்கள் 6542. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதுதான் வழியென்றால், பாடசாலைப் பையனொருவனின் விடுமுறை முழுவதும் அதற்கே செலவாகிவிடும். நான் நூறு வகுத்தல்களை எட்டுமுன்னரே சோர்ந்து நிறுத்திவிட்டேன். சற்றே முன்னதாக நிறுத்திவிட்டேன் என்பது பின்னர்த்தான் தெரிந்தது.

இவ்வெண் எங்கிருந்து வந்தது? பியர் த பெர்மா என்பார் பிரான்சு தேசத்துத் துலூஸ் நகர நீதிமன்றத்தில் உயர்பதவி வகித்தவர். கணிதம் அவருக்குத் தொழிலன்று, ஓய்வுநேர இன்பம். அத்தகைய ஒருவர் எண்ணியலின் தந்தையருள் ஒருவராக விளங்கியமை தொழில்முறைக் கணிதருக்குச் சற்றுக் கூச்சந் தரும் செய்தியே. அவர் 1640 ஆம் ஆண்டிலே தம் நண்பர்க்கு எழுதிய கடிதங்களில் ஒரு தொடரை எடுத்துக் காட்டினார். இரண்டின் வலுவாக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை இட்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டுக. 2+1=3; 2²+1=5; 2⁴+1=17; 2⁸+1=257; 2¹⁶+1=65537. இவை ஐந்தும் முதன்மை எண்கள். இத்தொடரில் வரும் எண்கள் யாவும் முதன்மை எண்களே என்று பெர்மா நம்பினார். நிறுவல் தம்மிடம் இல்லையென்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஆயினும் பல வகுத்திகளைத் தக்க நியாயங்காட்டி விலக்கிவிட்டதால் ஐயத்துக்கு இடமில்லையென்று கருதினார்.

தொடரின் ஆறாவது எண் 2³²+1. அதுவே 4294967297.

ஐந்து எண்களைக் கண்டு ஆறாவதற்குப் பிணை நின்றவர் நான் மட்டுமல்லேன் என்பதை அறிந்தபொழுது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை மறைக்கப் போவதில்லை.

தொண்ணூறு ஆண்டுகள் வரை இவ்வெண்ணை எவரும் உடைக்கவில்லை. 1729 இல் கோல்ட்பாக் என்பவர் பெர்மாவின் கூற்றைக் கடித மூலம் ஒயிலருக்கு நினைவூட்டினார். உருசிய நாட்டுச் சென். பீற்றர்ஸ்பேர்க் கழகத்திற் பணியாற்றிய ஒயிலர், 1732 இல், தமது இருபத்தைந்தாவது வயதில், விடையைச் சொன்னார்:

4294967297 = 641 × 6700417

ஆறாவது எண் முதன்மை எண்ணன்று, சேர்த்தி எண்.

641 என்பது முதன்மை எண்களின் வரிசையில் 116 ஆவதாக நிற்பது. நான் இன்னும் சிறிது பொறுத்திருந்தால் வெறும் வகுத்தலாலேயே அதனை அடைந்திருப்பேன். ஆனால் ஒயிலர் அவ்வாறு வகுத்துக்கொண்டிருக்கவில்லை. முதற் கட்டுரையில் வழியைச் சொல்லாது விடையை மட்டும் தந்தவர், பின்னர் எழுதிய வேறொரு கட்டுரையில் வழியையும் விளக்கினார். அவ்வழி பெர்மாவின் தேற்றம் ஒன்றிலிருந்தே பிறப்பது என்பதுதான் இக்கதையின் விந்தை.

அத்தேற்றம் இது: 2 நீங்கலான எந்த முதன்மை எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதனிலும் ஒன்று குறைந்த எண்ணை வலுவாகக் கொண்ட இரண்டை அம்முதன்மை எண்ணால் வகுக்க மீதி 1 ஆகும். 7 ஐக் கொள்க: 2⁶ = 64; 7 ஆல் வகுக்க மீதி 1. மேலும், மீதி 1 வரும் மிகச் சிறிய வலு எதுவோ, அது மீதி 1 வரும் ஏனைய வலுக்கள் யாவற்றையும் மீதியின்றி வகுக்கும். இனி, நமது எண்ணை வகுக்கும் முதன்மை எண்ணொன்று உண்டென்று கொள்வோம். அதனால் 2³²+1 வகுபடுதலின், 2³² ஐ அதனால் வகுக்கும்போது ஒன்று குறைகின்றது. மீதி −1 என்று சொல்லலாம். அதனை வர்க்கிக்க, 2⁶⁴ இன் மீதி 1. மீதி 1 ஆகும் மிகச் சிறிய வலு 64 ஐ வகுக்க வேண்டும். அஃது 64 ஐ விடச் சிறிதாயின் 32 ஐயும் வகுக்கும். அப்போது 2³² இன் மீதி 1 ஆதல் வேண்டும். ஆனால் அது −1 அன்றோ? எனவே மிகச் சிறிய வலு 64 தான். ஆகவே நாம் தேடும் முதன்மை எண்ணில் ஒன்றைக் கழிக்க வருவது 64 இன் மடங்காதல் வேண்டும்.

இச்சிறு நியாயம் 6542 எண்களையும் சலித்து எடுத்து விடுகின்றது. 64 இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிச் செல்க: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்பனவே. ஐந்தாவது முயற்சியிற் கதவு திறக்கின்றது! பிற்காலத்தில், 1878 இல், லூக்காஸ் என்பவர் 64 என்னுமிடத்தில் 128 ஐயே வைக்கலாம் எனக் காட்டினார். அப்போது எஞ்சுவன 257, 641 என்னும் இரண்டே.

பெர்மா இவ்வழியை அறியாதவரல்லர். அதே 1640 இல், 2³⁷−1 என்னும் எண்ணை 223 வகுக்கும் என்று இத்தகைய நியாயத்தைக் கொண்டே அவர் கண்டறிந்திருந்தார். தம் கையிலிருந்த திறப்பைத் தம் சொந்தப் பூட்டில் இட்டுப் பார்க்கத் தவறிவிட்டாரா, அன்றி இட்டுப் பார்த்தும் கணக்கிற் பிழைவிட்டாரா என்பது அறியக்கூடவில்லை. ஆழ்ந்து நம்பியதைச் சோதிக்கும்போது மனிதனின் கை சற்றுத் தளர்ந்துவிடும் என்பதே என் எண்ணம்.

641 வகுக்கிறதென்பதை அறிய நீண்ட வகுத்தலும் வேண்டியதில்லை. மேல்வகுப்பு மாணவர் கீழ்வருவதைத் தாமே செய்து மகிழலாம். 641 ஐ இரு வகையாக எழுதுக. ஒன்று, 641 = 5×2⁷ + 1. மற்றொன்று, 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. முதலாவதில் 5×2⁷ ஐக் க என்க. க+1 என்பது 641. க⁴−1 இன் காரணிகளுள் க+1 உம் ஒன்றாதலின், க⁴−1, அதாவது 5⁴×2²⁸ − 1, 641 ஆல் வகுபடும். இரண்டாவதை 2²⁸ ஆற் பெருக்க 5⁴×2²⁸ + 2³² வரும். இதுவும் 641 ஆல் வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க. 5⁴×2²⁸ என்னும் உறுப்பு நீங்கி 2³²+1 எஞ்சும். பத்து இலக்க எண்ணில் ஓரிலக்கத்தைக் கூட எழுதாமலே அதனை வகுத்துவிட்டோம். என் ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் நான்கு வரியில் எழுதிவிட்டு, வெண்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டார்.

மற்றைக் காரணியாகிய 6700417 முதன்மை எண்ணா என்பதும் ஆராயற்பாலதே. அதன் காரணிகளும் 128 இன் மடங்கோடு ஒன்று கூடியவையாதல் வேண்டும். வர்க்கமூலமோ 2588 அளவினது. அவ்வெல்லைக்குள் இவ்வுருவில் அமைந்த முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 என ஐந்தே. இவற்றால் வகுக்க முறையே 170, 44, 120, 334, 622 மீதியாகின்றன. ஆகவே அது முதன்மை எண். இத்துடன் நமது எண்ணின் குலமுறை முழுதும் வெளிப்படுகின்றது: இரண்டே முதன்மைக் காரணிகள், இரண்டும் வெவ்வேறானவை. அதன் வகுத்திகளுள் அதனையொழித்து ஏனையவற்றைக் கூட்டின் 1 + 641 + 6700417 = 6701059; எண்ணைவிட மிகச் சிறியது. எனவே பண்டைக் கிரேக்கர் வகுத்த முறைப்படி இது குறைவெண். 6, 28 போன்ற நிறைவெண்களின் அருகிலும் வராது.

இவ்வகைப்பாடுகள் வெறும் பெயரிடல் என்று கருதுவோர்க்கு இன்னொரு பண்பைக் காட்ட விரும்புகின்றேன். நமது எண் இரு வர்க்கங்களின் தொகை: 65536² + 1². இஃது அதன் பிறப்பிலேயே வெளிப்படை. ஆனால் அது வேறொரு வகையாலும் இரு வர்க்கங்களின் தொகையாகும்: 62264² + 20449². நம்பாதார் பெருக்கிப் பார்க்க. 1729 ஐ இரு வகையாகக் கனங்களின் தொகையாக எழுதலாம் என்று இராமானுசன் சொன்ன கதையை அறியாத மாணவர் இல்லை. இதுவும் அதற்கு உறவான செய்தியே, ஆயினும் இங்கே பயன் பெரிது. முதன்மை எண்ணொன்றை இரு வர்க்கங்களின் தொகையாக எழுதக்கூடுமாயின் ஒரே வகையாகத்தான் எழுதலாம். இரண்டாவது வகை கிடைத்தவுடனே, அது சேர்த்தி எண் என்ற தீர்ப்பும் கிடைத்துவிடுகின்றது. அம்மட்டோ, காரணிகளும் அதிலேயே ஒளிந்திருக்கின்றன. 65536 இலிருந்து 62264 ஐக் கழிக்க 3272. 20449 இலிருந்து 1 ஐக் கழிக்க 20448. இவ்விரண்டின் பொதுக் காரணிகளுட் பெரியது 8. அதனால் வகுக்க 409 உம் 2556 உம் வரும். 409² + 2556² எவ்வளவு? 6700417! இனிக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டுக: 127800 உம் 20450 உம் வரும். அவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 50. வகுக்க மீண்டும் அதே 2556 உம் 409 உம். 8, 50 என்பவற்றின் பாதிகளான 4, 25 என்பவற்றை வர்க்கித்துக் கூட்டின் 641. இதனை முதன்முதற் செய்து பார்த்த இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இனி, பெர்மாவை ஏமாற்றியிருக்கக்கூடிய பண்பொன்றைக் கூற வேண்டும். மேலே சொன்ன அவரது தேற்றத்தைத் தலைகீழாக்கி, "ஓர் எண்ணிலும் ஒன்று குறைந்த வலுவில் இரண்டை உயர்த்தி அவ்வெண்ணால் வகுக்க மீதி 1 ஆயின், அவ்வெண் முதன்மை எண்" என்று சோதனையாகக் கொள்ள யார்க்கும் ஆசை எழும். பெரும்பாலும் அது சரியாகவே விடை தரும். நமது எண்ணை அச்சோதனைக்கு உட்படுத்துவோம். 2³² இன் மீதி −1. 2⁶⁴ இன் மீதி 1. நமது எண்ணில் ஒன்றைக் கழிக்க வருவது 2³². அது 64 இன் மடங்கு. ஆகவே அவ்வலுவிலும் மீதி 1. சோதனையிற் சித்தி! சேர்த்தி எண்ணாயிருந்தும் முதன்மை எண்ணின் உடையணிந்து வாயிலைக் கடந்துவிடுகின்றது. இவ்வாறு ஏமாற்றுவனவற்றைப் போலி முதன்மை எண்கள் என்பர். அவற்றுள் மிகச் சிறியது 341, அது 11×31. இதனை 1819 இற் சாறூ என்பவர் கண்டறிந்தார். பெர்மாவின் தொடரிலுள்ள சேர்த்தி எண்கள் அனைத்தும் இவ்வகையினவே; அத்தொடரின் எந்த எண்ணும் இரண்டைக் கொண்டு செய்யும் இச்சோதனையில் ஒருபோதும் தவறாது. தவறவே முடியாத சோதனை சோதனையாகுமா என்ன?

இரண்டுக்குப் பதிலாக மூன்றைக் கொண்டு வினவினால் உண்மை வெளிப்படும். 1877 இல் பெப்பின் என்னும் பிரான்சியர் ஒரு விதியை நிறுவினார். அதன்படி, 3 ஐ 31 முறை தொடர்ந்து வர்க்கித்து, ஒவ்வொரு முறையும் 4294967297 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு செல்க. எண் முதன்மையாயின் இறுதி மீதி −1 ஆதல் வேண்டும், முதன்மையன்றேல் ஆகாது. நமக்குக் கிடைக்கும் மீதி 10324303. இன்னுமொருமுறை வர்க்கித்து வகுக்க 3029026160. இது 1 அன்று. காரணி எதுவென்று அறியாமலே, காரணி உண்டு என்று திட்டமாக அறிந்துகொள்கின்றோம். ஒன்று இருக்கின்றதென்று அறிதல் வேறு. அதனைக் கண்டெடுத்தல் வேறு.

இவ்வெண்ணின் தீர்ப்பைப் பொறுத்திருந்த செய்தியொன்று கேத்திரகணிதத்திலும் உண்டு. 1796 இற் பத்தொன்பது வயது நிரம்பாத கவுஸ், வரைகோலும் கவராயமும் மட்டுங் கொண்டு பதினேழு பக்கங்களையுடைய ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாமெனக் கண்டார். பக்கங்களின் தொகை ஒற்றை எண்ணாயின், அது பெர்மாவின் தொடரிலுள்ள முதன்மை எண்ணாகவோ, அத்தகைய வெவ்வேறு முதன்மை எண்களின் பெருக்கமாகவோ இருந்தால் அமைக்கலாம். அன்றேல் அமைத்தல் இயலாது என்பது 1837 இல் வான்ற்செல் என்பவரால் முற்ற நிறுவப்பட்டது. 65537 பக்கங்கள் கொண்ட பல்கோணிக்கு வழிவகுக்கப் பத்தாண்டு செலவிட்ட எர்மேசு என்பவரின் கையெழுத்துப்படி யேர்மனியிலுள்ள கெற்றிங்கன் பல்கலைக்கழகத்திற் பேணப்பட்டது. அப்பொறுமையைப் போற்றுவதா, அவருக்காக இரங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. நமது எண் முதன்மையாயிருந்திருப்பின் அத்தனை பக்கங்கொண்ட பல்கோணியும் அமைக்கத்தக்கதாயிருக்கும். 641 அதனைத் தடுத்துவிட்டது. ஆனால் இரண்டு படி கீழே நிற்கும் 4294967295 ஐப் பாருங்கள்: அது 3×5×17×257×65537. பெர்மாவின் ஐந்து முதன்மை எண்களின் பெருக்கம். ஆகவே அப்பல்கோணி அமைக்கத்தக்கது. அமைக்கத்தக்கதென நாம் அறிந்துள்ள ஒற்றைப் பக்கத் தொகைகளுள் அதுவே மிகப் பெரியது. 32 இருமை இலக்கங்களில் எண்களைச் சேமிக்கும் கணினியொன்று கொள்ளத்தக்க மிகப் பெரிய முழு எண்ணும் அதுவே என்பதைக் கணினித் துறையிலுள்ள நம் பழைய மாணவர் அறிவர். பெர்மாவின் ஆறாம் எண்ணை அவ்விடத்தில் இட்டால், மேலிலக்கம் உதிர்ந்து வெறும் 1 ஆகிவிடும்.

தொடரின் ஏழாவது எண் 18446744073709551617. சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் இரட்டித்துக் கேட்ட தானியக் கதையின் மொத்தத் தொகையைவிட இரண்டே மணி கூடியது. அதனை 274177 வகுக்கும் என்பதை லான்றி என்பவர் 1880 இல், தமது 82 ஆவது வயதில் வெளியிட்டார். எட்டாவது 39 இலக்கங் கொண்டது. கணினியின் துணையோடு 1970 இல் உடைந்தது. அதன்பின் வந்தவற்றுட் சில முற்றாக உடைந்தன. சிலவற்றைச் சேர்த்தியென்று அறிந்தும் காரணி ஒன்றையேனும் காணமுடியவில்லை. பெர்மா முதன்மையென்று நம்பிய ஆறாவது முதல் தொடர்ந்து வரும் 28 எண்களும் சேர்த்தி எண்களே எனத் தெளியப்பட்டுவிட்டன. 65537 க்குப் பின்னர் இத்தொடரில் ஒரு முதன்மை எண்ணேனும் அகப்படவில்லை.

இதைக் கண்டு, "எனவே இனி வருவன யாவும் சேர்த்தி எண்களே" என்று எழுதப் பேனை தானாக முந்துகின்றது. அதனை நிறுவினார் எவருமில்லை. முடிவு தெரியாது நிற்கும் முதல் எண், 2 ஐ 8589934592 ஆம் வலுவுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டப் பெறுவது. அதனை எழுத 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். அதில் 641 போன்றதொரு காரணி உண்டா என்று இப்பொழுதும் தேடிக்கொண்டிருக்கின்றார்கள்.